கறுப்பு செட்டில் ஓடிய தறி

புரட்டாசி சனிக்கிழமை விளக்கு வைத்த பிறகு அந்தத் தெருவில் ஒரு தறியும் ஓடாது. யார் வைத்த சட்டம் என்று ஆதிநாராயணனுக்குத் தெரியாது. அவருக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். நகரியில் மற்றத் தெருக்காரன் ஓட்டினால் ஓட்டட்டும், இங்கே நாற்பது வீட்டு மோட்டாரும் அடங்கி, பஜனைக் கூடத்து ஜால்ராவும் மிருதங்கமும்தான் கேட்கும். நாலு வருஷத்துக்கு முன்னால் அப்படியொரு சனிக்கிழமை அவருடைய மகள் மஞ்சு போனில் பிடித்து வைத்த பஜனை இது. மூன்றாவது கோவிந்தா ஏறி இறங்குகிற இடத்தில், பாட்டுக்குப் பின்னால், ஒரு தறி ஓடியது.

அவர் ஹெட்போன் செட்டைக் காதிலிருந்து தூக்கினார். மத்தியானம் இரண்டு மணி, கரண்ட் போயிருந்தது. ஷெட்டில் அவருடைய நாலு தறியும் படுத்த மாடு மாதிரி கிடந்தன. எதிர்வீட்டு ஓட்டின் மேல் ஒரு காக்கா வாயைத் திறந்து மூடியது; அது கத்துவது அவருக்குத் தெரிந்தது, கேட்கவில்லை. செட்டை மறுபடி மாட்டினார். கோவிந்தா. தறி.

அவர் மறுபடி கழற்றியதும், "இன்னா நைனா, அதுக்குள்ள கழட்டிட்ட?" என்று மஞ்சு எதிரே வந்து நின்று உரக்கக் கேட்டாள்.

"இதுல எவனோ தறி ஓட்டிக்கினு கீறான்."

"பஜனைல எவன் தறி ஓட்டுவான்? நாப்பது வருசமா உன் காதுல ஓடுதே, அதான் அது."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. காதில் ஓடுகிற தறி அவருக்குத் தெரியும்; அது எப்போதும் இருக்கிற இரைச்சல், உலைத் தண்ணீர் மாதிரி. இது அது இல்லை. இதில் தட்டு இருந்தது. டக்கு டக்கு டக், ஒரு நொண்டல், மறுபடி டக்கு டக்கு.

இரண்டு செட்டு வீட்டுக்கு வந்ததற்குக் காரணம் திருப்பதி காது டாக்டர். போன மாதம் மஞ்சு அவரைக் கட்டாயமாக பஸ் ஏற்றிக் கூட்டிப் போனாள். கண்ணாடி ரூமில் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கு என்றார்கள். முடிந்ததும் டாக்டர் தெலுங்கில் சொன்னார்: பாதிக் காது இன்னும் இருக்கிறது, தறிச் சத்தத்தில் மூடாமல் நின்றால் அதுவும் போகும். அதோடு விட்டிருக்கலாம். அந்த ஆள் வாய் நிற்கவில்லை. இதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது, நாலு வருஷத்துக்கு முன்னால் பெரியவருக்கு நன்றாகவே கேட்டிருக்கும் என்றார்.

மஞ்சு அப்போது அவரைத் திரும்பிப் பார்த்தாள். திரும்பி வருகிற பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். புத்தூரில் வேர்க்கடலை வாங்கி, பொட்டலத்தை அவர் மடியில் வைத்து, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப பிரமிளாக்கா கத்தனப்ப நெஜமாவே உனுக்கு கேக்கலியா நைனா?"

ஆதிநாராயணன் கையைக் குவித்துக் காதில் வைத்துக்கொண்டார்.

"இன்னா?"

அவள் பொட்டலத்திலிருந்து ஒரு கடலையை எடுத்து உடைத்தாள்.

மஞ்சுவின் புருஷன் அருள்குமார் ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறான், வாரத்துக்கு ஒரு தரம்தான் வருவான். அவன்தான் போனில் தட்டி இரண்டு ஹெட்போனை வரவழைத்தான். காதை முழுக்க மூடுகிற ஜாதி. ஒன்று காப்பிக்கலர், ஒன்று கறுப்பு. இரண்டும் மடித்தால் கைப்பைக்குள் அடங்கும், ஒயர் கிடையாது.

"பத்து நாள் போட்டுப் பாருங்க மாமா. எது தறிச் சத்தத்த நல்லா அடைக்குதோ, எதுல பாட்டு நல்லா கேக்குதோ, அத வச்சிக்கலாம். இன்னொண்ண திருப்பி எடுத்துக்கினு பூடுவாங்க."

"துன்னுட்டு எலைய கடைக்காரன் தலைல கட்டற மாதிரி. எவன்டா இப்டி சும்மா குடுப்பான்? உள்ள இன்னா வச்சிக்கீறானோ."

"காது வச்சிக்கீறான் நைனா, போடு" என்றாள் மஞ்சு. கறுப்பைத் தானே மாட்டிக் காட்டினாள். அவள் கொண்டை இடித்தது. பட்டை தலையில் உட்காரவில்லை. கொண்டையை அவிழ்த்து, சடையை முதுகில் விட்டுக்கொண்டு மாட்டினாள். அவர் எழுந்துவிட்டார்.

"கொண்டைய முடி."

"நான் இப்ப மிஷின்லயா கீறேன்?"

"முடின்னா முடி."

அந்த வீட்டில் அது ஒன்றுதான் சட்டம். ஷெட்டில் ஒரே மோட்டார். உத்தரத்தின் கீழே நீளமாக ஒரு இரும்பு ஷாப்ட். அதிலிருந்து பெல்ட் இறங்கி நாலு தறியையும் ஓட்டும். ஷாப்டின் கடைசி முனை சுவரில் போட்ட ஓட்டை வழியாகப் பின்னறைக்குள் போகிறது. அங்கே, தறியில் இடமும் வலமும் பாய்கிற நாடாவுக்கு நூல் சுற்றுகிற மிஷினை அது ஓட்டுகிறது. அந்த மிஷினில் உட்காருகிற பெண்பிள்ளையின் முதுகுக்குப் பின்னால், எழுந்தால் தலை உரசுகிற உயரத்தில், ஷாப்ட் சுழலும். நாலு வருஷத்துக்கு முன்னால் அங்கே உட்கார்ந்தவள் பிரமிளா, அதே தெரு, புருஷன் இல்லாதவள். புரட்டாசியில் பஜனை பாடினாள். தை மாதம் அவள் சடையை ஷாப்ட் இழுத்துக்கொண்டது; பிணமாகத்தான் இறக்கினார்கள். இப்போது ஷாப்டுக்கு அவர் தகரத் தடுப்பு அடித்திருக்கிறார். மஞ்சு கொண்டை போட்டு, அதன் மேல் துண்டு கட்டித்தான் உட்கார வேண்டும். வேறு ஆள் வைப்பதென்றால் எவளும் அந்த அறைக்கு வர மாட்டேன் என்கிறாள்.

காதை மூடிக்கொண்டால் மஞ்சு கூப்பிடுவது எப்படிக் கேட்கும்? அதற்கும் அவரே வழி செய்தார். பாவு நூலை எட்டு இழையாக முறுக்கி ஒரு கயிறு திரித்தார். எருமையைக் கட்டினாலும் அறாது. ஒரு முனை அவர் இடது மணிக்கட்டில். சுவர் ஆணிகள் வழியாகப் போய், மறுமுனை பின்னறையில் மஞ்சுவின் ஸ்டூல் காலில்.

"ஒரு இழுப்புன்னா சோறு. ரெண்டுன்னா வா. மூணுன்னா தறிய நிறுத்து" என்றார்.

"மூணு எதுக்கு, ஒண்ணுலயே நிறுத்துனா ஆவாதா?"

"மூணு."

ஏன் மூன்று என்று அப்போது அவர் யோசிக்கவில்லை. வாயில் வந்தது, சொன்னார்.

இரண்டு செட்டையும் அவர் நூல் பார்க்கிற மாதிரிதான் பார்த்தார். ஒரே பாட்டு, ஒரே இடம், இரண்டாம் தறி முன்னால், ஒரே அளவு சத்தம். முதலில் காப்பிக்கலர். எடை இல்லை. மெத்தை சன்னம், காதின் மேல் உட்கார்ந்ததே தவிர மூடவில்லை. தறிச் சத்தம் ஈரத் துணி வழியாக வருகிற மாதிரி வந்துகொண்டே இருந்தது. பாட்டில் யார் பாடுகிறார்கள் என்று தெரியவில்லை, எல்லாக் குரலும் சேர்ந்து களி. ஜால்ரா, தகர டப்பாவில் ஆணி உருளுகிற சத்தம். மிருதங்கம் பொத்துப் பொத்தென்றது.

பிறகு கறுப்பு. கனம். புதுச் செருப்பு வாசனை. இரண்டு பக்கமும் மண்டையைப் பிடித்தது, உள்ளங்கை மாதிரி. மாட்டிய கணத்தில் நாலு தறியும் கிணற்றில் விழுந்தன. நாற்பது வருஷத்தில் ஓடுகிற தறி முன்னால் நின்று அவர் தன் மூச்சைக் கேட்டது அதுதான் முதல் தடவை. பாட்டு ஆரம்பித்ததும் யாரோ பஜனைக் கூடத்துக் கதவைத் திறந்துவிட்டார்கள். ஆர்மோனியத்தின் துருத்தி மூச்சு விடுவது கேட்டது. வலது பக்கம் கூடப் பாடுகிற முனிசாமியின் இருமல். இடது பக்கம் ஜால்ரா, அது அவரே தட்டியது, தாளத்துக்கு ஒரு நூல் பிந்தித் தட்டியிருக்கிறார். இத்தனை நாள் அது தெரியாது. பின்வரிசையில் பெண்கள் ஐந்து பேர், ஐந்து பேரையும் எண்ணலாம். நாலாவது குரல் கோவிந்தாவின் கடைசி எழுத்தை மற்றவர்கள் விட்ட பிறகும் பிடித்துக்கொண்டிருந்தது. பிரமிளா அப்படித்தான் பாடுவாள். அதற்கு அவளை அதட்டியும் இருக்கிறார்.

நல்ல செட்டு என்றால் இதுதான் நல்ல செட்டு. சந்தேகமே இல்லை. அந்த நல்ல செட்டில்தான், கரண்ட் போன அந்த மத்தியானம், தறி ஓடியது.

மறுநாள் கரண்ட் இருந்தது. தறிகளை ஓட விட்டு, காப்பிக்கலரை மாட்டி அதே இடத்தைப் போட்டார். களி. தறி இல்லை, வெளியே ஓடுகிற தறிதான். கறுப்பை மாட்டினார். வெளியே ஓடுகிறது அடங்கியது, உள்ளே ஓடுவது வந்தது. கழற்றினார். மாட்டினார். பத்துத் தடவை. அருள்குமார் மேல் சந்தேகம் வந்தது. கம்பெனிக்காரன் மேல் வந்தது. மஞ்சு எதையாவது பதிந்து சேர்த்திருப்பாளோ என்றுகூட வந்தது, புத்தூர் பஸ்ஸில் அவள் கேட்ட கேள்வியை நினைத்துக்கொண்டு. இரவு சாப்பிடும்போது கறுப்பை அவளிடம் கொடுத்துக் கேட்கச் சொன்னார். அவள் தலையை ஆட்டிக்கொண்டே முழுப் பாட்டையும் கேட்டாள்.

"சூப்பரா கீது நைனா. பக்கத்துல உக்காந்துக்கினு பாடற மாதிரி."

"தறி?"

"தறியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. பிரமிளாக்கா கொரல் மட்டும் எவ்ளோ நல்லா…" அவள் நிறுத்தி, சோற்றைப் பிசைந்தாள். "நீ துன்னு."

அவருக்கு அந்தத் தறியைத் தெரிந்துபோயிருந்தது. ஊரில் எவன் தறி ஓடினாலும் தெருமுனையில் நின்றே இன்னார் தறி என்று சொல்லிவிடுவார். அந்த நொண்டல் அவருடைய மூன்றாம் தறி. நாடாவைத் தட்டுகிற பலகை தேய்ந்து, நாலு தட்டுக்கு ஒரு தட்டு பிந்தும். ஆனால் அந்தச் சனிக்கிழமை ஷெட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் அவர் பஜனையில் உட்கார்ந்திருந்தார். ஜால்ரா தட்டும்போதெல்லாம் சாவி இடுப்பில் குத்தியது. அது நன்றாக நினைவிருக்கிறது.

நாலாம் நாள் போனில் சார்ஜ் தீர்ந்திருந்தது. பாட்டு வேண்டாம், சத்தம் அடைத்தால் போதும் என்று கறுப்பை மாட்டிக்கொண்டு தறிகளுக்கு நடுவே நின்றார். மண்ணெண்ணெய் வாசனை, பஞ்சுத் தூசி, ஜன்னல் வெயிலில் தூசி மிதந்து இறங்குவது, நாடா இடமும் வலமும் பாய்வது, எல்லாம் கண்ணுக்கு மட்டும், ஊமைப் படம் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. இப்படியே செவிடாகிப் போனால் என்ன என்று தோன்றியது. ஊருக்கு அவர் நாலு வருஷமாகச் செவிடர்தான். போலீஸ்காரன் எழுதிக்கொண்டு போனதும் அப்படித்தான். முழுச் செவிடாகிவிட்டால் சொன்னது உண்மையாகிவிடும்.

அப்போது தறி வந்தது. பாட்டு இல்லாமல். போன் செத்துக் கிடக்கும்போது.

இந்தத் தடவை ஒன்றில்லை, நாலும். பஜனைக்குப் பின்னால் இல்லை, பக்கத்தில். ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்த சத்தம் கொஞ்ச நேரத்தில் தடித்தது. ஷாப்டில் ஏதாவது மாட்டினால் மோட்டார் திணறும், நாலு தறியும் ஒரே சமயத்தில் கனத்து, தட்டுகள் நெருங்காமல் இழுத்து இழுத்து விழும். தறிக்காரனுக்கு அது காதால் தெரிய வேண்டியதில்லை, உள்ளங்காலில் தெரியும்.

அன்றைக்கும் தெரிந்தது. தை மாதம் அந்தக் காலையில் உள்ளங்காலில் தெரிந்தது. பெல்ட் சறுக்குகிறது என்று நினைத்தார். மோட்டாரை அணைத்திருக்க வேண்டும். ஆனால் ஓடுகிற தறியை நடுவில் நிறுத்தினால் நிறுத்திய இடத்தில் துணியில் ஒரு கோடு விழும், எந்த மாயம் செய்தாலும் போகாது. வெள்ளை வேட்டியில் அந்தக் கோடு விழுந்தால் துணியே இரண்டாந்தரம். முதல் தறியில் வேட்டி முடிய ஒரு சாண் பாக்கி. ஒரு சாண்தானே, முடியட்டும், பிறகு அணைப்போம் என்று நின்றார். பின்னறையிலிருந்து பிரமிளா கூப்பிட்டாள். ஒரு தடவை. அவள் நூல் அறுந்தாலும் கத்துகிற பெண். இரண்டாம் தடவை. கண் துணி மேல் இருந்தது. மூன்றாம் தடவை கூப்பிட்டபோது அது கூப்பிடுவது மாதிரி இல்லை. சாணில் நாலு விரல் பாக்கி இருந்தது.

அந்த வேட்டி கோடு விழாமல் முடிந்தது.

காதில் கேட்கவில்லை என்று அன்று சாயங்காலம் முதல் தடவையாகச் சொன்னார். சொல்லச் சொல்ல எல்லோரும் நம்பினார்கள்.

கறுப்பு செட்டில் தறி கனத்து இழுத்தது. அதன் மேல், மிக அருகில், காது மெத்தைக்கும் காதுக்கும் நடுவில் வாய் வைத்த மாதிரி:

"அண்ணா."

பிடுங்கி எறிந்தார். நாலு தறியின் இரைச்சலும் ஒரே சமயத்தில் மண்டையில் கொட்டியது. அவை சீராகத்தான் ஓடின. கயிற்றைப் பிடித்துக்கொண்டே பின்னறைக்கு ஓடினார். மஞ்சு துண்டு கட்டிய தலையோடு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"இன்னா நைனா, மூஞ்சி ஏன் இப்டி கீது?"

"ஒண்ணுமில்ல."

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அவர் கறுப்பைத் தொடாமல் இருக்கப் பார்த்தார். ஒவ்வொரு நாளும் ஒரு தடவை மாட்டினார். பல் ஆடினால் நாக்கு அங்கேயே போகிற மாதிரி. அண்ணா. மறுநாள், அண்ணா, அண்ணா. சாமான்களைக் கழற்றி மாட்டுகிற மனுஷனுக்கு இதில் ஒரு கணக்கு புரிந்தது. அது முன்னேறிக்கொண்டு வருகிறது. மூன்றாவது இன்னும் வரவில்லை.

ஒன்பதாம் நாள் சோற்றுத் தட்டின் முன்னால் சொன்னார்.

"கறுப்பத் திருப்பிக் குடுத்துடு."

"உனுக்கு இன்னா பைத்தியமா? அதான் நல்லது. காப்பிக்கலர்ல தறிச் சத்தம் அப்டியே வருது, நான் போட்டுப் பாத்தேனே."

"எனுக்கு கறுப்புல ஒண்ணும் கேக்கல."

மஞ்சு கையை உதறிவிட்டு அவரை நேராகப் பார்த்தாள்.

"உனுக்கு வேணும்னா கேக்கும், வேணாம்னா கேக்காது."

அவர் காதில் கை வைத்தார். "இன்னா?"

"ஒண்ணுமில்ல. துன்னு."

பத்தாம் நாள் சனிக்கிழமை. காலை பத்து மணிக்கு, திருப்பிக் கொடுக்கிறதை எடுத்துப் போகிற சிட்டிபாபு ஸ்கூட்டரை வாசலில் நிறுத்தினான். தறி நடுவிலிருந்து ஆதிநாராயணன் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பெத்தாயனா, பாக உன்னாரா?" என்று அவன் கையை ஆட்டித் தெலுங்கில் நலம் கேட்டுக் கத்தினான். பிறகு மஞ்சுவிடம் திரும்பி, "ரெண்டுல எது கேன்சல்மா? பாக்ஸ் மாத்திக் குடுத்துட்டு அப்பால என்னக் கேக்கக் கூடாது" என்றான்.

மஞ்சு உள்ளேயிருந்து ஒரு அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து நீட்டினாள். அவன் போனில் படம் பிடித்தான், பெட்டியைப் பையில் திணித்தான், போனான். ஸ்கூட்டர் தெருமுனை திரும்புகிற வரைக்கும் அவர் பார்த்தார். தோளிலிருந்து பாவு உருளையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. மஞ்சு பின்னறைக்குப் போனாள். அவர் காப்பிக்கலரைத் தேடவில்லை. காதில் எதையும் வைக்காமல், நாற்பது வருஷமாக நின்ற மாதிரி, வெறுங்காதோடு தறிகளுக்கு நடுவே நின்றார். இரைச்சல் நல்லதாக இருந்தது. அதில் வேறு எதுவும் கேட்காது.

முதல் தறியில் வேட்டி முடிய ஒரு சாண் பாக்கி.

அப்போது சத்தம் தடித்தது.

உள்ளங்காலில் வந்தது. நாலு தறியும் கனத்தன. நாடா பாய்வது ஒரு நூல் பிந்தியது, பிறகு இரண்டு நூல். சுவரில் சுவிட்சுக்கு அவர் கை போனது. போய், நின்றது.

பெட்டி போய்விட்டது. அதில் இருந்ததும் போயிருக்க வேண்டும். போகவில்லை என்றால் அது பெட்டியில் இல்லை, அவர் காதில் இருக்கிறது. பத்து நாளாகக் காட்டின வேடிக்கையை இன்றைக்கும் காட்டுகிறது. இதை நம்பித் தறியை நிறுத்தினால் துணியில் கோடு விழும். நாளைக்கும் நிறுத்த வேண்டும், அதற்கு மறுநாளும். ஏமாற மாட்டேன். துணியைப் பார்த்தார். வெள்ளை ஏறிக்கொண்டிருந்தது. நாலு விரல்.

மணிக்கட்டில் கயிறு இழுத்தது.

ஒன்று.

சோறா? மணி பத்தரைகூட ஆகவில்லை.

இரண்டு.

வா.

மூன்று.

சுவிட்சை அடித்தார்.

நாலு தறியும் நின்றன. நாடா பாதி வழியில் நின்றது. பெல்ட் ஒரு தடவை துடித்து அடங்கியது. தலைக்கு மேலே ஷாப்டைப் பார்த்தார். அதில் அவர் போட்டு வைத்த சுண்ணாம்புக் கோடு கீழே பார்த்தபடி அசையாமல் நின்றது. ஷாப்ட் சுழலவில்லை. தெரு வெளியே வெயிலில் கிடந்தது.

டக்கு டக்கு டக். ஒரு நொண்டல். டக்கு டக்கு.

பின்னறையிலிருந்து.

"மஞ்சு."

கயிற்றைக் கையில் சுருட்டிக்கொண்டே நடந்தார். பன்னிரண்டு அடி. சீயக்காய் வாசனை வந்தது. சனிக்கிழமை, தலைக்குக் குளித்திருக்கிறாள். பாட்டும் வந்தது. மஞ்சுதான் பாடினாள். கோவிந்தா.

வாசற்படியில் நின்றார்.

மஞ்சு அவருக்கு முதுகைக் காட்டி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். தலையில் கறுப்பு செட்டு. பெட்டியில் போனது காப்பிக்கலர். கொண்டைக்கு மேல் பட்டை உட்காராது. துண்டு ஆணியில் தொங்கியது. கொண்டையை அவிழ்த்திருந்தாள்.

சடை முதுகில் இல்லை.

சடை மேலே போயிருந்தது. தகரத் தடுப்பு ஒரு பக்கம் மடங்கித் தொங்க, நின்றுபோன ஷாப்டில், சுழலாத ஷாப்டில், அது சுற்றிக்கொண்டிருந்தது. அவசரமில்லாமல். ஒரு சுற்று. இழை மேல் இழை ஏறாமல், பக்கத்தில் பக்கம், பழகின கை நூல் சுற்றுகிற மாதிரி. இன்னொரு சுற்று. அவள் முதுகுக்கும் ஷாப்டுக்கும் நடுவே தொய்வாகக் கிடந்த மயிர் ஒரு முழம் இருந்தது. முக்கால் முழம். அவள் தலைக்கு எதுவும் தெரியவில்லை. தாளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தது.

"மஞ்சு!"

நல்ல செட்டு. வெளிச்சத்தம் ஒரு சொட்டு உள்ளே போகாது.

ஓடினார். இரண்டாவது அடியில் இடது கை பின்னுக்கு இழுத்தது. கயிறு ஸ்டூல் காலில் இல்லை. ஸ்டூல் காலில் அவிழ்த்த முடிச்சின் சுருக்கம் மட்டும் இருந்தது. கயிறு சுவரேறி, ஷாப்டேறி, சடைக்குப் பக்கத்தில் அதே நேர்த்தியோடு சுற்றியிருந்தது. பல்லால் கடித்தார். எட்டு இழை. எருமையைக் கட்டினாலும் அறாது.

"மஞ்சு! கழட்டு! அத கழட்டுடி!"

அரை முழம்.

அவள் பாடினாள். கோவிந்தாவை விட்ட பிறகும் கடைசி எழுத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். மஞ்சு அப்படிப் பாட மாட்டாள். அவளுடைய இரண்டு கையும் மடியில், நூல் கட்டை மேல், சும்மா இருந்தன.

"நிறுத்து" என்று அவர் கத்தினார். யாரிடம் என்று தெரியாமல் கத்தினார். ஒரு தடவை. இரண்டு தடவை. "நிறுத்தும்மா!"

நாலு விரல்.

மணிக்கட்டில் கயிறு மறுபடி இழுத்தது. மெதுவாக. எண்ணிக்கொள் என்கிற மாதிரி. ஒன்று. இரண்டு. மூன்று.

நாலு தறியும் நின்றுதான் இருந்தன.